தைலம் என்று ஒரே பெயர், பாட்டிலுக்குள் இரண்டு பொருள்: மலைக்குளிரில் எரியும் தோலுக்கு எண்ணெயும் பூநீரும்

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தைலக்கடை அலமாரியைப் பார்த்தால் யூகலிப்டஸ், விண்டர்கிரீன், ஜெரேனியம், லெமன்கிராஸ், பாதாம், ஆலிவ் எல்லாம் ஒரே அளவு பாட்டிலில் ஒரே வரிசையில் நிற்கும். கேட்டால் எல்லாமே தைலம்தான். தொட்டாலே சிவக்கிற, சோப்பு பட்டாலே எரிகிற தோல் உள்ளவர்களுக்குப் பாதித் தொல்லை இந்தப் பெயரிலிருந்தே தொடங்குகிறது.

எள்ளிலிருந்து வந்த நெய்தான் எண்ணெய். வடமொழியில் எள் ‘திலம்’. அதிலிருந்து எடுத்தது தைலம். இரண்டு சொல்லுக்கும் மூலம் ஒரே விதை, ஒரே கொழுப்பு. ஆனால் கற்பூர மரத்து இலையைக் காய்ச்சி இறக்கும் யூகலிப்டஸ் தைலத்தில் கொழுப்பு துளிகூடக் கிடையாது. நீராவியோடு பறந்து வந்து, குளிர்ந்து, தண்ணீர்மேல் மிதக்கும் வாசனைப் பொருள் அது. தோலில் தங்காது, தோலை மூடாது. ஒரு டன் பச்சை ஜெரேனியம் இலையைக் காய்ச்சினால் கிடைப்பது ஏறத்தாழ 1 கிலோ தைலம். அந்தச் செறிவை நேரே கன்னத்தில் தடவிவிட்டு ‘இயற்கைதானே’ என்று நினைப்பதுதான் தவறு.

எது எந்த வகை என்று தெரியாவிட்டால் வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். வாசனைத் தைலம் ஆவியாகிவிடும். தாளில் பெரும்பாலும் கறை இருக்காது. விதை எண்ணெயோ, பஜ்ஜி மடித்த காகிதம்போல் வெளிச்சம் ஊடுருவும் வட்டத்தை விட்டுவைக்கும். யூகலிப்டஸ் என்று வாங்கியது எண்ணெய் வட்டம் விட்டால் அதில் மலிவான எண்ணெய் கலந்திருக்கிறது. டர்பன்டைன் கலப்பை இந்தச் சோதனை காட்டாது, அதுவும் ஆவியாகிவிடும்.

மலையில் தோல் ஏன் வறள்கிறது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஊட்டியை ஒட்டிய தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நாட்களில் காற்றில் ஈரம் குறைவு. குளிர்ந்த காற்றால் நீராவியை அதிகம் தாங்க முடியாது. அதே காற்று வீட்டுக்குள் வந்து அடுப்பாலோ ஹீட்டராலோ சூடானதும் தோலிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கும். குளிருக்கு இதமாக ஆவி பறக்கும் வெந்நீரில் குளிப்பதும், ஒவ்வொரு வேளையும் சோப்பு போடுவதும் சேர்ந்தால் தோலின் மேலடுக்கில் உள்ள கொழுப்பு கரைந்து போகிறது. தோலின் மேற்பரப்பு இயல்பிலேயே லேசான புளிப்பு, பி.எச். 5 அளவில் இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 என்று காரமானது.

மேலடுக்குச் செல்களுக்கு நடுவே காரைபோல நிற்பவை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். அந்தக் காரை விரிசல் விட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும், வெளியே இருக்கும் எரிச்சல் பொருள் உள்ளே போகும். எளிதில் எரியும் தோலுக்கு முதல் மருந்து எண்ணெய் அல்ல, வெந்நீரின் சூட்டைக் குறைப்பது. கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், 10 நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும்.

எந்த எண்ணெய்

‘செக்கு எண்ணெய்தான் நல்லது’ என்ற பேச்சு சமையலுக்குச் சரியாக இருக்கலாம். எரியும் தோலுக்கு அது எப்போதும் சரியல்ல. செக்கில் ஆட்டிய எண்ணெயில் விதையின் புரதத் துணுக்கும், வாசனையும், நிறமும் கொஞ்சம் தங்கியிருக்கும். சிலருக்கு எரிச்சல் தருவது அவைதான். வாசனையில்லாத ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் பார்க்கச் சப்பென்று இருக்கும். தோலுக்கு வேண்டிய லினோலெயிக் அமிலம் அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு. உடம்பு செராமைடு செய்ய எடுத்துக்கொள்ளும் கச்சாப்பொருள் அதுதான். லேபிளில் ‘ஹை ஓலெயிக்’ என்று போட்டிருந்தால் அது வேறு ரகம், இந்த வேலைக்கு வேண்டாம்.

ஆலிவ் எண்ணெய்க்கு இருக்கும் பெயரைப் பார்த்தால் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும்: 2013இல் வெளியான இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வில் நாலைந்து வாரம் முழங்கைக்குக் கீழே ஆலிவ் எண்ணெய் தடவியவர்களின் தோல்தடுப்பு பலவீனமானது, லேசாகச் சிவப்பும் வந்தது. சூரியகாந்தி தடவிய கையில் அப்படி ஆகவில்லை. ஆய்வில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் காரணம் விளங்குகிறது. ஆலிவில் பெரும்பகுதி ஓலெயிக் அமிலம், அது தோலின் கொழுப்பு அடுக்கைக் குலைக்கக்கூடியது. பழனி மலையின் கீழ்ப்பகுதிகளில் காப்பித் தோட்டத்துக்குள் காய்க்கும் வெண்ணெய்ப் பழத்தின் எண்ணெயிலும் ஓலெயிக்தான் அதிகம். பட்டர் ஃப்ரூட்டைச் சாப்பிடுங்கள். எரியும் முகத்துக்கு அதன் எண்ணெய் வேண்டாம்.

நல்லெண்ணெயில் லினோலெயிக்கும் ஓலெயிக்கும் ஏறக்குறையச் சரிபாதி. பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், எள் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் தொடக்கூடாது. எண்ணெய்க் குளியலில் கெடுவது எண்ணெயால் அல்ல, அதை எடுக்கப் போடும் சீயக்காயாலும் சொரசொரப்பான பயற்றமாவுத் தேய்ப்பாலும். விளக்கெண்ணெய் பிசுபிசுப்பு அதிகம், உதட்டில் சிலருக்கு ஒவ்வாமையும் தரும். கடுகெண்ணெய் வேண்டவே வேண்டாம். அதன் காரத்துக்குக் காரணமான பொருளே தோலை எரிப்பது. வேப்பெண்ணெயும் நேராகத் தடவினால் எரிக்கும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் அது வேறு பொருளாகிவிடுகிறது. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். ஊட்டியில் ஆண்டின் பெரும்பகுதி பாட்டிலுக்குள் மெழுகாகத்தான் நிற்கும். வாய் குறுகிய பாட்டிலில் வாங்கி, தினமும் அடுப்போரம் வைத்து உருக்கி, மறுபடி உறையவிடுகிறோம். ஒவ்வொரு தடவையும் வெந்நீர் ஆவி உள்ளே போகிறது, எண்ணெய் சீக்கிரம் காறுகிறது. வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் மாற்றி வைத்து, காய்ந்த ஸ்பூனால் கடலை அளவு சுரண்டி, உள்ளங்கைச் சூட்டில் உருக்கினால் போதும். ஜனவரி காலையிலும் உறையாமல் தண்ணீராக ஓடும் ‘தேங்காய் எண்ணெய்’ ஒன்று கலப்பாக இருக்கும், இல்லையென்றால் உறையும் பகுதியைப் பிரித்தெடுத்த ரகமாக இருக்கும். கலந்தது மினரல் ஆயிலாக இருந்தால் தோலுக்குப் பெரிய கேடில்லை, காசுக்குத்தான் கேடு.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம், அது கிருமியைக் கொஞ்சம் அடக்கும். கைகால் வறட்சிக்கு நல்லது. முகப்பரு வருபவர்கள் முகத்தில் தடவக்கூடாது, துளை அடைக்கும். இன்னொரு கூட்டமும் எண்ணெயை விட்டு விலக வேண்டும்: புருவம், மூக்கோரம், காதுமடல் பின்னால் மஞ்சள் பொடுகோடு சிவந்து அரிப்பவர்கள். அங்கே வளரும் ஈஸ்ட் என்ற பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலம்தான் தீனி. வறட்சி என்று நினைத்து எண்ணெய் தேய்க்கத் தேய்க்க அது செழிக்கும்.

தடவும் முறையில்தான் பலன் இருக்கிறது. எண்ணெய் ஈரத்தைக் கொண்டுவராது, இருக்கிற ஈரத்தைப் போகாமல் பிடிக்கும். காய்ந்த தோலில் தடவினால் பளபளப்பு மட்டும் மிஞ்சும். குளித்ததும் துண்டால் ஒற்றி எடுத்து, தோல் இன்னும் நனைந்திருக்கும் 3 நிமிடத்துக்குள் தடவ வேண்டும். முகத்துக்கு 4, 5 சொட்டு. பெரியவர் ஒருவரின் உடம்பு முழுக்க 15 மில்லி, அதாவது மூன்று டீஸ்பூன். வெடித்த குதிகாலுக்கும் விரல் இடுக்குப் பிளவுக்கும் எந்த விதை எண்ணெயும் வாஸ்லீனுக்கு ஈடாகாது. இயற்கை என்ற பிடிவாதத்தை அங்கே விட்டுவிடலாம்.

சூரியகாந்தி எண்ணெயை 200 மில்லி அளவில் வாங்கி, வெயில் படாத இடத்தில் மூடி வைத்து, திறந்து மூன்று மாதத்துக்குள் முடியுங்கள். பழைய முறுக்கு டப்பாவைத் திறந்த வாடை வந்தால் அது காறிவிட்டது. காறிய எண்ணெய் தோலுக்கு எரிச்சல் பொருள்.

வாசனைத் தைலங்கள்

1843 வாக்கில் நீலகிரிக்கு வந்த கற்பூர மரம்தான் இந்த மலையின் தைலத் தொழிலுக்கு முதல். இலையைக் கூட்டி அள்ளி, கொட்டகையில் அண்டா வைத்துக் காய்ச்சி இறக்கும் தைலத்தில் யூகலிப்டால் என்ற வாசனைப் பொருள்தான் பெரும்பகுதி. கொட்டகையில் இறக்கிய பச்சைத் தைலத்தில் தொண்டையைப் பிடிக்கும் வேறு சில பொருள்களும் இருக்கும். மறுபடி காய்ச்சிச் சுத்திகரித்ததில் அவை குறைவு. எதுவானாலும் சளிக்கும் மூட்டுவலிக்கும் பேர்போன இந்தச் சரக்கு முகத்துக்கு ஆனதல்ல. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகே, மார்பில், கைக்குட்டையில் எங்கேயும் தெளிக்கக்கூடாது. விழுங்கினால் சில மில்லியே குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும். தேங்காய் எண்ணெயில் பூஜைக் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தேய்ப்பதற்கும் இதே எச்சரிக்கைதான்.

விண்டர்கிரீன் இன்னும் கடுமை. அதில் ஏறக்குறைய முழுக்கவே மெத்தில் சாலிசிலேட். 5 மில்லியில் ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான மருந்து இருக்கிறது. 325 மில்லிகிராம் மாத்திரைக் கணக்கில் 20க்கு மேல். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் வெளிப்பூச்சாகக்கூடத் தொடக்கூடாது. தோல் வழியே உள்ளே போய் ரத்தத்தை மேலும் நீர்க்கச் செய்யும்.

ஜெரேனியம், லெமன்கிராஸ், லாவெண்டர் போன்றவை மென்மையானவை என்ற பெயர் எடுத்தவை. ஜெரேனியத்தின் வாசனைக்குக் காரணமான சிட்ரோனெல்லால், ஜெரானியால் இரண்டும், லெமன்கிராஸில் முக்கால் பங்காக இருக்கும் சிட்ராலும் ஒவ்வாமை தரும் வாசனைப் பொருள் பட்டியலில் நெடுங்காலமாக உள்ளவை. லாவெண்டரின் லினலூல் புதிதாக இருக்கும்போது சாது. பாட்டிலைத் திறந்து மூடி மாதக்கணக்கில் காற்று பட்டபின் அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஒவ்வாமைப் பொருளாக மாறும். பாதி காலியான பழைய பாட்டில்தான் புதியதைவிட ஆபத்து. ஒரு தடவை உடம்பு ஒரு வாசனைப் பொருளை எதிரியாகக் குறித்துக்கொண்டால் பிறகு சோப்பு, ஷாம்பு, ஊதுவத்தி எதில் அது இருந்தாலும் அரிக்கும்.

எலுமிச்சைத் தோலை நசுக்கி எடுத்த எண்ணெயும் சாறும் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும் பொருள் கொண்டவை. ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக்கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். 2240 மீட்டரில் உள்ள ஊட்டியில் குளிர் இருக்கிறதே என்று எலுமிச்சை தேய்த்துக்கொண்டு வெயிலில் நின்றால் இரண்டு நாள் கழித்துக் கொப்புளமும், மாதக்கணக்கில் மறையாத கருந்தழும்பும் மிஞ்சும்.

வாசனை வேண்டியே தீரும் என்பவர்களுக்கு உச்சவரம்பு அரை விழுக்காடு: 100 மில்லி எண்ணெய்க்கு 10 சொட்டு, 30 மில்லிக்கு 3 சொட்டு. அதுவும் கைகாலுக்கு. முகத்துக்கும், கரப்பான் (எக்ஸிமா) உள்ள இடத்துக்கும், குழந்தைக்கும் பூஜ்யம்.

பூநீர், பன்னீர், தீநீர்

வாலை என்ற வடிகலத்தில் வடித்த நீருக்குச் சித்த மருத்துவத்தில் பெயர் தீநீர். ஓம வாட்டர் என்று குழந்தைக்குக் கொடுப்பதும் ஓமத் தீநீர்தான். பூவைத் தண்ணீரில் போட்டு ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் கிடைப்பது பூத்தீநீர், சுருக்கமாகப் பூநீர். அசல் பன்னீர் அதுவே. கல்யாண வாசலில் சொம்பிலிருந்து தெளிப்பது பெரும்பாலும் தண்ணீரும் எசன்ஸும். மலைக் கடைகளில் ரோஜா வாசத்தோடு கிடைக்கும் சில நீர் ஜெரேனியம் காய்ச்சியதில் மிஞ்சியதாக இருக்கலாம். அதுவும் தீநீர்தான், ஆனால் ரோஜா அல்ல.

வாங்கும்போது லேபிளில் ‘பெர்ஃபியூம்’, ‘ஃப்ராக்ரன்ஸ்’ என்ற சொல் இருந்தால் வைத்துவிட்டு வரலாம். பதப்படுத்தும் பொருள் இருந்தால் பயப்பட வேண்டாம். சோடியம் பென்சோயேட் சேர்த்த பன்னீர், எதுவும் சேர்க்காமல் பாக்டீரியா வளர்ந்த பன்னீரைவிட மேல். மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற பெயரை மட்டும் தவிருங்கள். அது பலருக்கு ஒவ்வாமை தந்ததால் ஐரோப்பாவில் தடவி அப்படியே விடும் பூச்சுகளில் தடை செய்யப்பட்டது. தண்ணீர் பாட்டிலில் நாலு சொட்டு தைலம் விட்டுக் குலுக்கித் தெளிப்பது பூநீரே அல்ல. தைலம் கரையாது, மேலே மிதக்கும், கடைசியில் ஒரே தெளிப்பில் பச்சைத் தைலமாக முகத்தில் விழும்.

வீட்டில் வடிக்க, பூச்சிமருந்து அடிக்காத பன்னீர் ரோஜா வேண்டும். ஊட்டி ரோஜாப் பூங்காவில் பார்க்கும் பெரிய கலப்பின ரோஜாக்களில் பலவற்றுக்கு மணமே கிடையாது. பொக்கே ரோஜா மருந்தில் குளித்தது. மலையடிவாரத்து நிலக்கோட்டைச் சந்தைப் பூ மணக்கும், ஆனால் எத்தனை மருந்து கண்டது என்று பூ சொல்லாது. தொட்டியில் வளர்த்த நாலு செடியே மேல்.

விடிகாலையில் பறித்த இதழ் 250 கிராம், நல்ல தண்ணீர் 1 லிட்டர். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தின் நடுவே ஒரு கல்லோ ஸ்டாண்டோ வைத்து, அதன்மேல் காலிக் கிண்ணம். சுற்றிலும் இதழும் தண்ணீரும். தண்ணீர் கிண்ணத்தின் விளிம்புக்கு நன்றாகக் கீழே நிற்க வேண்டும். மூடியைக் கவிழ்த்துப் போட்டால் அதன் கைப்பிடி கிண்ணத்துக்கு நேராக வரும். விளிம்பைப் பிசைந்த கோதுமை மாவால் அடைத்து, மூடிமேல் ஐஸ் கட்டி வையுங்கள். கொதி வந்ததும் தீயைச் சிம்மில் தள்ள வேண்டும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளிக்காரர் வைக்கும் தீயை இங்கே வைத்தால் பொங்கித் தெறிக்கும். கிண்ணத்தில் சேர்ந்த நீர் இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அது வடிந்ததல்ல, தெறித்த இதழ்க் கஷாயம். கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். வடிநீருக்கு நிறமே இருக்காது. முதல் 150 மில்லி நன்றாக மணக்கும். 250 தாண்டியதும் வெந்த கீரை வாடை வரும், அங்கே நிறுத்திவிட வேண்டும். பேராசைப்பட்டு ஓடவிட்டால் முன்னே பிடித்ததும் கெடும், அடியும் பிடிக்கும்.

பாட்டிலைத் தண்ணீரில் மூழ்கவிட்டு 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொதிநிலை குறைவாக இருப்பதால் கீழ்நாட்டுக் கணக்கு மலைக்குப் போதாது. சூடாக இருக்கும்போதே நிரப்பி, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரம் போதும். கலங்கல், வெள்ளை நூல், புளித்த வாடை இவற்றில் ஏதாவது தெரிந்தால் சாக்கடையில். பஞ்சை பாட்டில் வாயில் வைத்து நனைக்காதீர்கள், விரலின் கிருமி அப்படித்தான் உள்ளே போகிறது.

பூநீரை மட்டும் தெளித்துவிட்டு விடுவது வறண்ட ஜனவரி காற்றில் தோலை இன்னும் வறட்டும். ஆவியாகும்போது மேலடுக்கின் ஈரமும் சேர்ந்து போகும். தெளித்து, அது காய்வதற்குள், அரை நிமிடத்தில், நாலு சொட்டு எண்ணெயை அதன்மேல் ஒற்ற வேண்டும். பூநீரின் வேலை அவ்வளவுதான்: எண்ணெய்க்கு முன் தோலை நனைப்பது. கொதித்து ஆறிய தண்ணீரும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், மணம்தான் இருக்காது.

கெமோமில், சாமந்தி நீரை எல்லோருக்கும் சொல்கிறார்கள். பார்த்தீனியம் செடியால் முகமும் கழுத்தும் தடித்துக் கறுப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். கெமோமிலும் சாமந்தியும் அதே குடும்பம். பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவருக்கு இவையும் சட்டென்று மூட்டிவிடும்.

சோதனையும் அவசரமும்

ராத்திரி தடவி, காலையில் பார்த்து, ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று முடிவு செய்வது போதாது. ஒவ்வாமை இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். புதிதாக உருவாவதற்கு 10, 14 நாள்கூட ஆகும். முழங்கை மடிப்புக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவு இடத்தில் காலையும் மாலையும் 7 நாள் தடவுங்கள், முடிந்தால் 14 நாள். ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும். எண்ணெய், பூநீர், மூலிகைப்பொடி மூன்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எது எரித்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. நீர் வடியும் புண், சீழ், வட்டமாகப் படரும் படர்தாமரை, இரவில் வீட்டில் எல்லோருக்கும் அரிக்கும் சிரங்கு, இவற்றின்மேல் எண்ணெய் போடாமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

வாசனைத் தைலம் பட்டு எரிந்தால் வெறும் தண்ணீர் ஊற்றினால் போதாது; தைலம் அதில் கரையாது. சமையல் எண்ணெயில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து எடுத்து, பிறகு மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும். கண்ணில் பட்டால் மட்டும் எண்ணெய் வேண்டாம், சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் ஓடவிட்டுக் கழுவி, கண் மருத்துவரிடம் போங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, தைலம் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யூகலிப்டஸா, விண்டர்கிரீனா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். அங்கே போய் ‘தைலம் குடித்துவிட்டது’ என்று மட்டும் சொன்னால் எந்தத் தைலம் என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார்.